செத்த நேரம்

செண்பகவல்லி தன் சமையல் வீடியோ ஒன்றில் "செத்த நேரம் வதக்குங்க" என்று சொன்னாள். சாவைப் பற்றிப் பேசும் வீடியோவுக்குப் பணம் கிடையாது என்று விதியைக் காட்டி, வீடியோ தளத்துக்காரர்கள் விளம்பரத்தை நிறுத்திவிட்டார்கள். "வெங்காயம்தாங்க வதங்குது, யாரும் சாகல" என்று அவள் கணவன் இசக்கிமுத்து இரண்டு முறை எழுதிப் போட்டான். இரண்டு முறையும் அதே பதில்தான் வந்தது. பிறகு கணவனும் மனைவியுமே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பழக்கதோஷத்தில் அந்தச் சொல் வந்துவிட்டால் அவள் உடனே ஒருமுறை கைதட்டிவிட்டு, "கொஞ்ச நேரம்" என்று திரும்பச் சொல்வாள். எடிட் செய்யும்போது அவன் கைதட்டும் சத்தத்தைத் தேடிப் பிடித்து, அதற்கு முன்னால் இருப்பதை வெட்டிவிடுவான். இன்று மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து அவள் தம்பி அழைத்தான். அவள் கையெல்லாம் புளிக்கரைசல். இசக்கிமுத்துதான் போனை ஸ்பீக்கரில் போட்டு அவள் முன்னால் நீட்டினான். "யக்கா, அப்பா செத்துப் போயிட்டாருக்கா" என்றான் தம்பி. அவள் ஈரக் கைகளை ஒருமுறை தட்டினாள். "திரும்பச் சொல்லு" என்றாள்.