எது சீக்கிரம் வெளுக்கும்?

ஊர்க்காவலன் சிவப்புக் கட்டம் போட்ட சட்டையைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தான். மனசு சரி என்றது. ஆனால் அவன் அவ்வளவு லேசில் மயங்குகிற ஆள் இல்லை.

ஆவணி பிறந்தும் விருதுநகர் வெயில் அடங்கவில்லை. கடைக்குள் சுற்றிய காற்றாடி அனலைத்தான் கீழே இறக்கிக்கொண்டிருந்தது. திருப்பூர் ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கை விற்கிற கடை அது. வெளிநாட்டுக் குளிருக்கென்று தைத்த கனமான பிளானல் சட்டைகள் ஒரு மூலையில் தூசி படிந்து கிடந்தன. இந்த ஊரில் எந்தப் பைத்தியக்காரன் வந்து இதையெல்லாம் வாங்கப் போகிறான் என்று முதலாளியே கைகழுவிவிட்ட சரக்கு.

லோடு ஆட்டோவை வெளியே நிறுத்திவிட்டு ஊர்க்காவலன் வந்துவிட்டான்.

"ஊட்டிக்குப் போறீகளா அண்ணாச்சி?" என்று கேட்டாள் துணி எடுத்துப்போடும் பானுப்பிரியா.

"எனக்குக் குளிருது தாயி" என்றான், நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டே.

சட்டை வாங்குவது பெரிய விஷயமில்லை. வீட்டுக்குள் போன சட்டை வீட்டிலேயே தங்க வேண்டும். அங்கேதான் அவன் மனைவி வேலுத்தாய் இருக்கிறாள்.

போன வருஷம் ஆசையாக வாங்கிப்போன ஸ்வெட்டரை, கவரைக்கூடப் பிரிக்காமல், கோயம்புத்தூரில் படிக்கும் மகள் எழிலுக்கு அனுப்பிவிட்டாள். அடுத்து வாங்கிய கம்பளிச் சால்வை அவளுடைய தம்பி குழந்தைக்குத் தொட்டிலில் விரிப்பாகப் போய்ச் சேர்ந்தது. மூன்றாவது தடவையும் அவளிடம் தோற்க அவன் தயாராக இல்லை. இந்தத் தடவை கையில் ஒரு திட்டம் இருந்தது.

சிவப்பு, வெளியே முயல்குட்டி மாதிரி மெத்தென்று இருந்தது. உள்ளே திருப்பினால் சொரசொரப்பு. செல்போனின் கறுப்புக் கண்ணாடிமேல் வைத்து நாலு தேய் தேய்த்தான். கண்ணாடி முழுக்கச் சிவப்புப் பஞ்சு. ஓரமாக வைத்துவிட்டான்.

நீலம் நல்ல கனம். தொட்டால் வழுவழுவென்று நழுவியது, தோரணை வேறு பிரமாதம். ஊர்க்காவலன் சட்டையைத் தன் கையில் பரபரவென்று தேய்த்து, கிழிந்த காகிதத் துண்டு ஒன்றின் பக்கத்தில் கொண்டுபோனான். துண்டு துள்ளி வந்து சட்டையில் ஒட்டிக்கொண்டது.

"பாலியெஸ்டர் கலந்துருக்கான்" என்றான்.

பானுப்பிரியா வாயைப் பிளந்தாள். அந்தப் புழுக்கத்திலும் அவனுக்குக் குளுகுளுவென்று இருந்தது.

மூன்றாவது, பச்சைக் கட்டம். போர்வைக் கனம். உள்ளும் வெளியும் ஒரே மிருது. காகிதம் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை, கண்ணாடியில் பஞ்சு விழவில்லை. டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் இந்தப் பக்கம் வரமாட்டேன் என்றது. தையலை விரித்து இழுத்துப் பார்த்தான், சுருக்கம் இல்லை. இதுதான்.

அவன் ஒல்லி உடம்புக்கு முப்பத்தெட்டே போதும். நாற்பத்திரண்டு எடுக்கச் சொன்னான்.

அதே துணியில் பழுப்பும் ஒன்று இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு யோசித்தான்.

"இதுல எது தாயி சீக்கிரம் வெளுக்கும்?"

சாயம் போகாத துணி கேட்டு உயிரை எடுப்பவர்களைத்தான் பானுப்பிரியா இத்தனை வருஷமும் பார்த்திருக்கிறாள். வெயில் ஆளை அடித்துவிட்டது என்றே முடிவு கட்டினாள். பச்சைதான் போகும் என்றாள்.

பச்சையையே எடுத்தான். பை வேண்டாம் என்று சொல்லி, போட்டிருந்த பனியனுக்குமேல் அங்கேயே மாட்டி, கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டுக்கொண்டான்.

திருத்தங்கல் போகிற வழியெல்லாம் கையை வெயிலில் நீட்டியபடியே ஓட்டினான். முழங்கையைக் கிரீஸ் படிந்த கதவில் அவ்வப்போது ஒரு தேய். ஒரு மாசம் இப்படிப் போட்டு அடித்தால் போதும், ஜெயித்துவிடலாம்.

காலண்டர் அச்சடிக்கும் பிரஸ் வாசலில் வண்டியை நிறுத்தும்போது ஷிப்ட் முடிந்திருந்தது. பெண்கள் வெளியே வந்தார்கள். எல்லோரும் சேலைக்குமேல் வீட்டு ஆண்களின் பழைய சட்டையைப் போட்டிருந்தார்கள். வேலைக்குப் போகும்போது அதுதான் அவர்கள் வழக்கம்.

வேலுத்தாய் மட்டும் இரண்டு சட்டை போட்டிருந்தாள், ஒன்றின்மேல் ஒன்றாக. இரண்டும் காலர் நைந்துபோய் அவன் கழித்துப் போட்டவை.

காலண்டர் சாமி படங்களுக்குத் தாள் அடுக்குவது அவள் வேலை. புது மெஷின் வந்ததிலிருந்து அந்தக் கூடம் முழுக்க ஏசி. தாள் சட்டைக்கையில் ஒட்டினால் சூப்பர்வைசர் கத்துவார். பஞ்சு விழுந்தால் முருகன் கன்னத்தில் மச்சம் விழும். நாள் முழுக்க அந்தக் குளிரில் நின்று, ராத்திரியில் மூச்சு இழுக்கப் படுத்திருப்பாள்.

புதுசு எது வந்தாலும் யாருக்காவது கொடுத்துவிடுவாள். அவனுடைய பழசு மட்டும்தான் அவள் உடம்பில் ஏறும்.

அவள் உதடு வெளிறியிருந்தது.

வேலுத்தாய் ஆட்டோ பக்கம் வந்தாள். சட்டையின் ஓரத்தை இரண்டு விரலால் திருகிப் பார்த்தாள். அவன் தோளைத் தாண்டித் தொங்கிய தையலைப் பார்த்தாள்.

"எனக்குத்தான் வாங்குனேன்" என்றான் அவசரமாக.

"கழட்டுங்க."

கழற்றினான். பிழிந்தால் ஒரு செம்பு தேறும். அவள் மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"இம்புட்டு வேர்வ குடிச்சது எப்பிடிங்க புதுசாகும்? இது பழசுதான்" என்று சொல்லி, மடித்துத் தன்னுடைய சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.