பிடிக்காத சேனல்

“நம்ம டிவி நியூஸ்ல நல்லவரா வர்றவரு, அடுத்த வீட்டு டிவியில மட்டும் ஏம்ப்பா திருடனா வர்றாரு?” என்று சிறுமியாக இருந்தபோது பிரதீபா கேட்டிருக்கிறாள்.

இன்று அவளுக்கு வீடியோவில் வேலை நேர்காணல். நேரம் பார்த்து வீட்டில் நெட் போய்விட்டது.

“இவ்வளவு பெரிய கம்பெனியில பேச ஒரு மனுஷன் கிடையாதா?” என்று அவள் அப்பா கைலாசநாதன் நெட் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினார். அடுத்த வீட்டில் அலறிக்கொண்டிருந்த காஜா நஜ்முதீனின் டிவி சட்டென நின்றது.

“நம்ம கஷ்டத்தக் காது குளிரக் கேக்குறாரு பாய்!” என்று சன்னலைச் சாத்தினார்.

சற்று நேரத்தில் பிரதீபா அறையிலிருந்து ஓடிவந்தாள். “வேலை கிடைச்சிடுச்சுப்பா!”

“நெட்டு?”

“காஜா மாமாவோடது. என் ரூம் சன்னல் வழியா பாஸ்வேர்டு சொன்னாங்க. எனக்கு வேகமா வரணும்னு, நெட்டுல ஓடுற அவங்க டிவியையும் நிறுத்திட்டாங்க.”

மறுவாரம் காஜா போனில் அதே நெட் கம்பெனியைத் திட்டுவது கேட்டது. வீட்டில் தனியாக இருந்த கைலாசநாதன், தன் வைஃபையின் பாஸ்வேர்டை நீக்கிவிட்டார்.

அவருக்குப் பிடிக்காத சேனல் மறுபடி அலறியது. அவர் சன்னலைச் சாத்தவில்லை.