மீதம் 34 வருடம்

"எனக்கு வேற கம்ப்யூட்டர் குடுங்க சார்."

வேலையிடத்தில் எதையும் கேட்டுவிடாதே என்று அம்மா சொல்லித்தான் அனுப்பினாள். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது; வயது இருபத்துநாலு. ஆனால் காலையில் தானாகவே தொடங்கிய அப்டேட், நான் பாதி தட்டியிருந்த அறிக்கையை விழுங்கிவிட்டு, நீலத் திரையில் ஒரே வரியைக் காட்டிக்கொண்டிருந்தது: மீதம் 34 வருடம்.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "இதுக்கா இந்தக் குதி குதிக்கிறே? ரிட்டயராக எனக்கு இன்னும் ரெண்டுதான். நான் வாயை மூடிட்டு உக்காரலையா?"

பக்கத்து மேசை அக்கா தலை நிமிராமல் சொன்னாள்: "எனக்குப் பதினொண்ணும்மா. பழகிடும்."

ப்ளக்கைப் பிடுங்கினேன். திரை அணையவில்லை.

கேட்க எழுந்தபோதே பையைத் தோளில் மாட்டியிருந்தேன். அப்படியே வெளியே நடந்தேன்.