கழற்றிய சாமான்

“எங்கண்ணன் வண்டியிலேருந்து கழட்டின பழைய பிரேக் பேட் எங்க? எடுத்துட்டு வாங்க.”

ரனீம் உட்காரவில்லை. மேசைமேல், கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணத்தில், மெக்கானிக் அபூ நிமர் ஊற்றி வைத்த காப்பி ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

அம்மான் நகரத்துப் பயாதர் பட்டறைத் தெருவில் இவரிடம் மட்டும் இதைக் கேட்கக்கூடாது என்று அண்ணன் குஸை சொல்லியிருந்தான். கழற்றிய சாமானைக் காட்டச் சொல்வது, நீ திருடன் என்று முகத்துக்கு நேராகச் சொல்வது.

“மத்தவன்கிட்ட கேளு, சண்டை போடு, கடிச்சுக்கூட வை. அபூ நிமர்கிட்ட வாயத் திறந்த, அப்புறம் வண்டிய இழுக்க நான் கழுதைதான் வாங்கணும்.”

அவரைக் கண்டுபிடிக்க அவன் அந்தத் தெருவையே சலித்திருந்தான். இரண்டு பேர் மட்டும் உட்காரும் அந்தக் காரைப் பார்த்ததும் எல்லா மெக்கானிக்குக்கும் கண் விரிந்தது. ஒருவன் நல்ல பிளக்குகளை எடுத்துக்கொண்டு எதையோ சொருகி அனுப்பினான். இன்னொருவன் ஓட்டிப் பார்க்கிறேன் என்று வாங்கிப் போய் மச்சான் கல்யாண ஊர்வலத்தில் முதல் வண்டியாக விட்டான். திரும்பி வந்தபோது கண்ணாடியில் பூ ஒட்டியிருந்தது.

அபூ நிமர்தான் என்ஜின் மூடியைத் திறந்து, கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போ” என்றவர்.

அன்றிலிருந்து குஸை வேறு யாரையும் அந்தக் காரைத் தொட விடவில்லை.

சாக்கடல் இறக்கத்தில், வளைவில் திரும்பாமல் குஸையின் கார் நேராகப் பள்ளத்துக்குள் போயிருந்தது. சாலையில் டயர் தேய்ந்த கோடு ஒன்றுகூட இல்லை.

கோடு இல்லையென்றால் பிரேக் பிடிக்கவில்லை என்றார்கள் வீட்டில். பிடிக்கவில்லையென்றால், முந்தின வாரம் பேட் மாற்றிவிட்டேன் என்று அபூ நிமர் சொன்னது பொய். அவன் சாவு அவர் தலையில்.

குடும்பத்து ஆண்கள் தெருமுனையில் வண்டிகளில் காத்திருந்தார்கள். ஆண் போனால் கை முந்தும், படித்தவள் கேட்டு வரட்டும் என்று அனுப்பியது ஃபவாஸ் சித்தப்பா. அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கியவள் அவள் ஒருத்திதான். இதுவரை அவளை யாரும் எதற்கும் கேட்டதில்லை. இதற்குக் கேட்டார்கள்.

“காப்பி குடுப்பான். தொடாத,” என்று சொல்லியிருந்தார் சித்தப்பா.

அவர்கள் முறைப்படி, குடித்தால், கேட்டது கிடைத்தது, இனி உன்மேல் எங்களுக்கு வழக்கில்லை என்று அர்த்தம். குடித்த பிறகு யாராலும் எதுவும் செய்ய முடியாது.

அபூ நிமர் அவளையே பார்த்தார்.

“குஸை தங்கச்சியா?”

“சாமான் எங்க?”

“அவன் ஒரு நாளும் கேட்டதில்ல.”

“நான் கேக்கறேன்.”

கத்துவார் என்று நினைத்தாள். கத்தட்டும் என்றுதான் வந்திருந்தாள். அவர் எழுந்து பின்பக்கம் போனார். தகரங்கள் உரசும் சத்தம் கேட்டது. ஒரு பெயின்ட் டப்பாவோடு திரும்பி வந்தார்.

“அடுத்த தடவை வண்டி வர்ற வரைக்கும் யாரோடதையும் நான் தூக்கிப் போடறதில்ல. கேக்கத்தான் ஆள் கிடையாது.”

டப்பாவைக் கவிழ்த்தார். தேய்ந்து இரும்பு தெரிகிற பேட்கள் மேசையில் விழுந்தன. ஓரங்களில் சிவப்பாக ஏதோ வழிந்து காய்ந்திருந்தது.

“பிரேக்குக்கு நகப்பூச்சு அடிச்ச ஒரே ஆம்பள இந்த அம்மான்லயே அவன்தான். சக்கரத்துக்குள்ள சிவப்பாத் தெரியணுமாம். எந்தக் கல்யாணப் பொண்ணுகிட்டடா திருடினன்னு கேட்டேன்.”

அவளுடையதுதான். அந்தச் சிவப்புக்காக அவள் எத்தனையோ கடை ஏறி இறங்கியிருந்தாள்.

“புதுசு போட்டு நானே மாதபா வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். தொட்டா நிக்கும் மகளே அந்த வண்டி. அப்புறம் எப்படி அவன்…”

அபூ நிமர் நிறுத்திக்கொண்டார். கைத்துணியை எடுத்து மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த இடத்தையே துடைத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பிரேக் பிடிக்கும், அப்படியும் கோடு இல்லையென்றால், குஸை அதை மிதிக்கவே இல்லை.

கார் விழுந்த அன்று காலை குஸை ஒரு புது நகப்பூச்சுப் புட்டியை அவள் தலையணை அருகில் வைத்தான். “இந்தா, உன் கடன் தீர்ந்துச்சு” என்றான். நிறம் தப்பு, மாத்திட்டு வா என்று அவள் திட்டினாள். சிரித்தான். அம்மாவின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு சாவியை எடுத்துக்கொண்டு போனான்.

வெளியே போய், இவர் பேட் மாற்றவில்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அம்மாவுக்கு வாய்விட்டு அழுவதற்கு ஒரு மகன் மிஞ்சுவான். அக்கம்பக்கத்தில் யாரும் குரலைத் தாழ்த்திப் பேசமாட்டார்கள். இந்தப் பட்டறை இன்றைக்கே மூடும்.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்கூட வரவில்லை. அதை நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

காப்பி ஆறிப்போயிருந்தது.

ஒரே மடக்கில் குடித்தாள். இன்னொரு முறை ஊற்ற வேண்டாம் என்று கிண்ணத்தை லேசாக ஆட்டி வைத்தாள். பேட்களை அள்ளிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அபூ நிமர் துடைப்பதை நிறுத்திவிட்டு அந்தக் காலிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தெருமுனையில் ஃபவாஸ் சித்தப்பா வண்டியிலிருந்து இறங்கினார். அவள் உதட்டைத்தான் பார்த்தார்.

அவள் காப்பிக் கறையைத் துடைத்துக்கொள்ளாமலே நடந்து வந்தாள்.