தைத்து மூடிய கைகள்

“பொம்மை எது வழியாப்பா கையை வெளிய நீட்டும்?” என்று நேற்று மகள் கேட்டபோதுதான், தான் ஃபோனைப் பார்த்துக்கொண்டே பொம்மைக் கவுனின் இரண்டு கை முனைகளையும் தைத்து மூடியிருப்பது தையல்காரருக்குத் தெரிந்தது. இன்று மதியம் ஃபோனை அவரே அலமாரி உச்சியில், பொத்தான் டப்பாவுக்குள் போட்டுவைத்திருக்கிறார். அது அதிரும்போதெல்லாம் பொத்தான்கள் கலகலக்கின்றன. அவர் கை தானாக மேலே போகிறது. “கத்தரிக்கோல் அங்க இல்லீங்க, உங்க மடியில இருக்கு,” என்று சிரிக்கிறாள் மனைவி, மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரக் கிளம்பியபடி. “போடி, அந்த ஃபோனா நானான்னு பாத்துடறேன்.” கதவு சாத்திக்கொள்கிறது. மகள் வருவதற்குள் கவுனைச் சரிசெய்து முடித்தாக வேண்டும். ஜன்னல் வெயில் மெஷின் மேல் சாய்ந்திருக்கிறது. டப்பா மறுபடி கலகலக்கிறது. உயர்ந்த கையைப் பாதியில் இறக்கி, நெஞ்சில் வைத்து, ஆண்டவனை ஒரு கணம் நினைத்துக்கொள்கிறார். கவுனை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு தையலாகப் பிரிக்கிறார். துணி கிழியவில்லை. ஓரத்தை மடித்துப் புதிதாகத் தைக்கிறார். டப்பா கலகலக்கிறது, இம்முறை கை துணியை விட்டு அசையவில்லை. நூலைக் கடித்து அறுத்துவிட்டு, பொம்மைக்குக் கவுனை மாட்டி, அதன் சின்னக் கைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துவிடுகிறார். மகள் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே அதை உட்காரவைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல அடுத்த சட்டையை எடுக்கிறார்.