ஆம்ப் கருகிய பிறகு

அந்த நைட்கிளப்பின் ஞாயிறு மதிய நடனத்துக்கு அவள் டிஜேவாக மேடையேறியது அன்றுதான் முதல் தடவை. சொதப்பினால் அடுத்த வாய்ப்பு கிடையாது என்று முதலாளி முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். சவுண்டைப் பார்த்துக்கொண்டது அவளுடைய அண்ணன்.

ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில் மேடைக்குப் பின்னாலிருந்து கருகல் வாசனை வந்தது. ஸ்பீக்கர்கள் எல்லாம் ஒரேயடியாக அடங்கின.

"ஆம்ப் போச்சும்மா. அது இல்லாம ஸ்பீக்கர்ல சத்தமே வராது. வேற மாட்டணும், கொஞ்சம் சமாளி" என்று அண்ணன் பின்பக்கம் ஓடினான்.

கூட்டம் கத்தப்போகிறது என்று அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். யாரும் கத்தவில்லை. கால்கள் தரையை மிதிக்கும் சத்தம் மட்டும் தாளம் தப்பாமல் கேட்டது. பிறகு, விட்ட இடத்திலிருந்தே இசை அதிர்ந்து எழுந்தது. கண்ணைத் திறந்தபோது எல்லோரும் கைகளை உயர்த்தி ஆடிக்கொண்டிருந்தார்கள். முதலாளிகூடத் தலையாட்டினார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அண்ணனைக் கட்டிக்கொள்ளப் பின்பக்கம் ஓடினாள். அவன் தரையில் உட்கார்ந்து, கருகிய ஆம்பை மடியில் வைத்திருந்தான். ஸ்பீக்கர் ஒயர்கள் எதிலும் சேராமல் பக்கத்தில் கிடந்தன.

"நான் இன்னும் எதையும் மாட்டலம்மா" என்றான்.

அப்போதும் அந்த இசையில் சுவர் அதிர்ந்துகொண்டிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது அண்ணன்தான். ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, அவனும் காலால் தாளம் தட்ட ஆரம்பித்தான்.