வலிக்கறதா?

“ஒரு மாசமா கேள்விதான் கேக்கறேள். வைத்தியத்தைக் காணோமே!” என்றார் வெங்கிடராமன். மட்டாஞ்சேரி மிளகுக் கம்பெனியில் மானேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். முதுகுவலி என்று ஒரு வருஷமாகச் சாய்வு நாற்காலியிலேயே கிடந்தவர்.

வலியைப் பற்றி ஆராயும் மனோதத்துவ டாக்டர் பாக்கியலக்ஷ்மி சிரித்தாள். “இப்போ முதுகு எப்படி இருக்கு மாமா?”

“அதைக் கவனிக்க எங்கே நேரம்? ஆத்துக்காரி நீலாம்பாள் அடியோட மாறிட்டா, கேட்டேளா? நாற்காலிக்கு வந்த காப்பி இப்போ அடுக்களையிலேயே இருக்கு. வீட்டுக்கு வந்த பேப்பரை நிறுத்திட்டா. போட் ஜெட்டி வரைக்கும் நடந்து போய் வாங்கிண்டு வரேன். முன்னெல்லாம் நிமிஷத்துக்கு ஒரு தரம் ‘வலிக்கறதா’ன்னு தைலத்தோட வருவா. இப்போ நான் முனகினா எழுந்து போயிடறா!”

“வைத்தியம் போன மாசமே ஆரம்பிச்சாச்சு மாமா. மாமிக்கு! கேக்கக் கேக்க வலி பெரிசாகும், படுத்துக்கத்தான் தோணும். அதனால கேக்கவே கூடாதுன்னு நான்தான் சொன்னேன்.”

வெங்கிடராமன் நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்தார்.

“இன்னிக்குக் காலம்பற மாமி இங்கே வந்து அழுதா. ‘ஒரே ஒரு தரம் கேட்டுக்கட்டுமா’ன்னா. கூடாதுன்னுட்டேன்.”

வெங்கிடராமன் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார். கதவைத் திறந்த நீலாம்பாள் அவர் முகத்தைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தவள், உதட்டைக் கடித்துக்கொண்டு அடுக்களைக்குத் திரும்பினாள்.

அவர் பின்னாலேயே போனார்.

“இல்லை நீலா, வலிக்கலை.”